வருகைக் கூடத்தைக் காலி செய்த குட்டி வளைக்கரடி

1. சாக்லேட்டுக்கு முதுகெலும்பு

ஒரு விமான நிலையத்தின் வருகைக் கூடத்தைக் காலி செய்ய வெடிகுண்டுப் புரளியெல்லாம் தேவையே இல்லை. ஒரு சின்னக் காட்டு விலங்கின் நெற்றியை ஈரப் பஞ்சால் துடைத்தால் போதும். துடைத்தவள் நான்.

என் பெயர் செல்வநாயகி. திருச்சி விமான நிலையத்தில் சுங்கத்துறை சூப்பிரண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவள். பிறந்தது தொட்டியத்தில், வாழை விவசாயக் குடும்பத்தில். வாழ்க்கைப்பட்டது ஸ்ரீரங்கத்தில். துறையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், "மேடம், உங்க சர்வீஸ்லயே பெரிய கேஸ் எது?" என்று கேட்பார்கள். ஏதாவது தங்கக் கேஸைச் சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். தங்கம் நான் நிறையப் பிடித்திருக்கிறேன். ஆனால் இந்தக் கேஸைச் சொன்னால்தான் எனக்கே முதுகு நிமிர்கிறது.

அது பாங்காக்கிலிருந்து வரும் காலை விமானம். எங்கள் வேலையில் முதலில் பார்க்க வேண்டியது பெட்டியை அல்ல, ஆளை. சாதாரணப் பயணி கன்வேயரில் தன் பெட்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். குருவி எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். யாருக்காகவோ சரக்கு கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கமிஷன் வாங்கிக்கொண்டு போகிறவனைத்தான் நாங்கள் குருவி என்போம். அன்றைக்கு ஒரு பையன் என்னைப் பார்த்தான், தலையைக் குனிந்தான், மறுபடியும் பார்த்தான். அவனுடைய ட்ராலி பேக்கை ஸ்கேனரில் போடச் சொன்னேன்.

ஸ்கேனரில் உட்கார்ந்திருந்தவர் இன்ஸ்பெக்டர் ஜமால். பீமநகர்க்காரர். ஸ்கேனர் படத்தில் உணவுப் பொருள், துணி, தோல் எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் தெரியும். உலோகம் நீலம். அந்தப் பெட்டி முழுக்க ஆரஞ்சு. ஜமால் திரையை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், ஒரு சந்தேகம். சாக்லேட்டுக்கு முதுகெலும்பு இருக்குமா?"

பார்த்தேன். சாக்லேட் பாக்கெட்டுகளுக்குக் கீழே மீன் முள் வரிசைபோல மெல்லிதாக ஏதோ வளைந்து கிடந்தது. அது அசைந்தது.

பெட்டியைத் திறந்தோம். அடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஒரு துண்டில் சுருண்டு கிடந்தது அந்த ஜீவன். கீரியைவிடக் கொஞ்சம் குண்டு. பழுப்புத் தலை, பன்றிக்குட்டிக்கு இருப்பதுபோல் நீண்ட மூக்கு, உடம்புக்குப் பொருந்தாத பெரிய நகங்கள். உச்சந்தலையிலிருந்து கழுத்து வழியாக நேராக ஒரு வெள்ளைக் கோடு.

"ஃபெரட்டு மேடம்," என்றான் பையன். "கீரி மாதிரி, வெளிநாட்டுல வீட்ல வளக்குறது. பெட்டு. பில்லு இருக்கு பாருங்க."

பாங்காக் கடை ஒன்றின் பில்லை நீட்டினான். அதில் ஃபெரட் என்றுதான் இருந்தது.

2. துடைத்துப் பார்க்கும் புத்தி

இங்கே எங்கள் துறையின் புத்தி எப்படி வேலை செய்யும் என்று சொல்லியாக வேண்டும். நாங்கள் எந்தப் பொருளின் நிறத்தையும் நம்ப மாட்டோம். தங்கத்துக்கு வெள்ளி முலாம் பூசி ஸ்பானர் என்பார்கள். கறுப்புப் பெயின்ட் அடித்து டிராலியின் போல்ட் என்பார்கள். அயர்ன் பாக்ஸ், மிக்ஸி மோட்டார், பெல்ட் பக்கிள் எதுவாக இருந்தாலும் முதலில் சுரண்டிப் பார்ப்போம். வீட்டில் புதுப் பாத்திரம் வாங்கினால்கூட என் நகம் தானாகச் சுரண்டும். என் வீட்டுக்காரருக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

விலங்குகளிலும் இந்தத் தில்லுமுல்லு உண்டு. சாதாரணப் பிராணிக்குச் சாயம் அடித்து அபூர்வமானது என்று விற்பார்கள். அபூர்வமானதற்குச் சாயம் அடித்து சாதாரணமாக்கிக் கடத்துவார்கள். சமயபுரத்தில் ரோஸ் கலரிலும் பச்சைக் கலரிலும் கோழிக்குஞ்சு விற்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு ஒரே எண்ணம்தான் வந்தது. யாரோ பிரஷ்ஷை வைத்து இழுத்திருக்கிறான்.

"ஜமால், கொஞ்சம் பஞ்சும் தண்ணியும் குடுங்க."

"மேடம், டாக்டர் வரட்டுமே?"

"சும்மா தண்ணிதானே. ஒரு கோடு, துடைச்சா தெரிஞ்சுடப் போகுது."

கையுறை போட்டுக்கொண்டு நெற்றியில் ஆரம்பித்தேன். உச்சி, பிடரி, தோள் என்று கோடு போகிற வழியெல்லாம் பஞ்சை அழுத்தி இழுத்தேன். கோடு வரவில்லை. வேறொன்று வந்தது.

அந்த நாற்றத்தை எப்படிச் சொல்வது? காந்தி மார்க்கெட்டில் அழுகிய வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு யாரோ டயர் கொளுத்தினால் வருமே, அந்த மாதிரி. அதுவும் ஏசி போட்ட கூடத்தில். வரி கட்ட ஒன்றும் இல்லாதவர்கள் போகும் க்ரீன் சேனலில் நின்ற வரிசை கலைந்தது. சிலர் பெட்டியைக்கூட எடுக்காமல் வாசலைப் பார்த்து ஓடினார்கள். அப்பாவை அழைத்துப்போக வெளியே கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்ற குழந்தைகள் எதற்கு எல்லோரும் ஓடுகிறார்கள் என்று தெரியாமல் கைதட்டின. எங்கள் குருவியும் ஓடினான். ஜமால் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அவன் சட்டைக் காலரைப் பிடித்தார். இன்றைக்கும் அவரை அதற்காக மெச்சுவேன்.

நான் மட்டும் மேஜைக்குப் பக்கத்தில் நின்றேன். வீரம் எல்லாம் இல்லை. டப்பா மூடியைப் போடாமல் போனால் அது தப்பித்துவிடும், அவ்வளவுதான்.

டிராலி தள்ளும் அண்ணன் ஒருவர் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "நெத்தி நெறைய நாமத்தப் போட்டுக்கிட்டுப் பண்ற வேலையா இது?" என்றார். அன்றிலிருந்து அதற்கு எங்கள் ஆபீசில் நாமக்காரர் என்றுதான் பெயர். மரியாதையோடுதான் சொல்வோம்.

3. தெரியாது என்று எழுதியது

எங்கள் உதவி ஆணையர் மதிவாணன். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர், கெட்டிக்காரர், நிதானமானவர். கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டே வந்தார்.

உயிருள்ள விலங்கு பிடிபட்டால் எங்களுக்கு ஒரு முறை உண்டு. எந்த விமான நிறுவனம் கொண்டுவந்ததோ அதே நிறுவனம் அடுத்த விமானத்தில் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். ஆனால் என்ன பெயரில் திருப்பி அனுப்புகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வளர்ப்புப் பிராணி என்று அனுப்பினால் அங்கே போய் இறங்கியதும் அனுப்பிய கடைக்காரனே வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவான். அடுத்த வாரம் வேறொரு குருவியின் பெட்டியில் வேறொரு ஊருக்குப் போகும். காட்டு விலங்கு என்று அனுப்பினால் அந்த ஊர் வனத்துறை வந்து வாங்கும். முதல் வழி கூண்டுக்கு, இரண்டாவது வழி காட்டுக்கு.

மதியம் கால்நடை டாக்டர் கலைவாணி வந்தார். நாற்றத்துக்கு முகம் சுளிக்காத ஒரே ஆள் அவர்தான். நகத்தைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார்.

"மேடம், இது ஃபெரட் இல்ல. கடையில விக்கிற ஃபெரட்டுக்குப் பெரும்பாலும் அந்த நாத்தச் சுரப்பிய ஆபரேஷன் பண்ணி எடுத்துருவாங்க. இல்லாட்டியும் இவ்வளவு பெரிய நகம் அதுக்குக் கிடையாது. இது மண்ணத் தோண்டுற ஜாதி."

"அப்ப மரநாயா?" என்றார் மதிவாணன் சார்.

"மரநாய் இல்ல சார். கீரியும் இல்ல. என்னன்னு கேட்டா எனக்குத் தெரியாது. ஏதோ வளைக்கரடி வகைன்னு தோணுது, இங்கிலீஷ்ல பேட்ஜர்ம்பாங்க. ஆனா நான் படிச்ச எந்த வளைக்கரடியும் இவ்வளவு சின்னதா இருந்து பாக்கல."

டாக்டர் போன பிறகு மதிவாணன் சார் கதவைச் சாத்தினார்.

"மேடம், நான் வெளிப்படையாவே சொல்றேன். பில்லுல ஃபெரட்டுன்னு இருக்கு. அப்படியே பறிமுதல் மகஜர் எழுதி நாளைக்குக் காலைல ஏத்திடலாம். உயிரோட போயிடும். நமக்கும் தலைவலி இல்ல."

"அது ஃபெரட்டு இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாங்களே சார்."

"என்னன்னு சொல்லலையே. பேரு தெரியாத ஒண்ண எப்படி எழுதுவீங்க?"

"தெரியலன்னே எழுதுவேன் சார்."

"இதுக்கு முன்னாடி யாராவது அப்படி எழுதியிருக்காங்களா?"

"நான் எழுதுறேன்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு கேட்டார். "தெரியலன்னு எழுதினா, தெரியுற வரைக்கும் நம்மகிட்டதான் இருக்கணும். நம்மகிட்ட கூண்டு கிடையாது. அது என்ன திங்கும்னு தெரியாது. இங்கயே செத்துப் போச்சுன்னா யாரு மேடம் பதில் சொல்றது?"

நியாயமான கேள்வி. நியாயமாக இருந்ததால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. மேஜை மேல் கிடந்த பேனாவை எடுத்து, சாட்சிகளை உள்ளே கூப்பிட்டு, மகஜரில் "இனம் தெரியாத காட்டு விலங்கு, ஒன்று, உயிருடன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"நான்தான் சார் பதில் சொல்லுவேன்," என்றேன்.

அவரும் தடுக்கவில்லை. வனவிலங்குக் குற்றங்களைப் பார்க்கும் அதிகாரிகளுக்குப் படங்களை அன்றைக்கே அவர்தான் அனுப்பி வைத்தார். குருவி மேல் வழக்குப் பதிவானது.

சாயங்காலம் ஆபீஸ் வண்டியில் என்னோடு வர யாரும் தயாராக இல்லை. டிரைவர் நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டு ஓட்டினார். திருவானைக்காவல் சிக்னலில் பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர்காரர் எங்களைப் பார்த்துவிட்டு வண்டியை முன்னால் உருட்டிக்கொண்டு போனார். ஸ்ரீரங்கத்தில் வீட்டு வாசல் ஏறியதும் இவர் கையை நீட்டி நிறுத்தினார்.

"அங்கயே நில்லு. எந்தச் சாக்கடைல விழுந்த?"

கதையைச் சொன்னேன். யூனிஃபார்மை வெளியிலேயே ஊறப் போடச் சொல்லிவிட்டு, தண்ணீர் வாளியைக் கொண்டுவந்து வைத்தபடி கேட்டார்: "நாமம்னியே, வடகலையா தென்கலையா?"

"ஒத்தைக் கோடுங்க. கலையெல்லாம் பார்க்க விடல."

4. நாற்றம் நின்ற நாள்

டாக்டர் தன் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கம்பிக் கூண்டை அனுப்பியிருந்தார். பழைய சாமான் அறை ஒன்றைக் காலி செய்து, நியூஸ்பேப்பர் விரித்து நாமக்காரரைக் குடிவைத்தோம். ஜமால் தன் வீட்டிலிருந்து கோழிக்கறி வேகவைத்துக் கொண்டுவந்தார். நான் முட்டை, பால், ரஸ்தாளிப் பழம். கேன்டீன்காரர் கருவாடு. யாரோ பூனைக்கான பிஸ்கட்டுகூட வாங்கி வந்தார்கள். ஒரு கல்யாணப் பந்தியே வைத்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். அது எதையும் தொடவில்லை. தண்ணீரை மட்டும் இரண்டு தடவை நக்கியது.

மறுநாளும் அப்படியே. படங்களுக்குப் பதில் வரவில்லை. விமான நிறுவனத்தின் மேனேஜர் ஒரு மணிக்கொரு தரம் போன் செய்தார். "மேடம், இன்னைக்கு ஏத்திக்கலாமா? ஃபெரட்டுன்னு ஒரு லைன் எழுதிக் குடுத்தா போதும், நாங்க பாத்துக்குறோம்."

"எழுத மாட்டேன் சார். நீங்க காத்திருங்க," என்று போனை வைத்தேன். என் குரல் உசந்துவிட்டதால் பக்கத்து அறையில் பேச்சு நின்றது.

அதற்கடுத்த நாள் காலையில் டாக்டர் கலைவாணியோடு அறைக்குள் போனேன். வழக்கமாகக் கதவைத் திறந்ததும் மூக்கைப் பிடிப்போம். அன்றைக்குப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. டெட்டால் வாசனை மட்டும்தான் இருந்தது. டாக்டர் கூண்டுக்குள் கையை விட்டு அதைத் தூக்கினார். எதிர்ப்பே இல்லை. கழுவிப் பிழிந்த துணி மாதிரி தொங்கியது.

"மேடம், வந்த அன்னைக்குக் கிட்டப் போனாலே நாறடிச்சது," என்றார் டாக்டர். "இன்னைக்கு அதுக்கும் தெம்பு இல்ல. இப்படியே சாப்பிடாம இருந்தா ரொம்ப நாள் தாங்காது."

மதிவாணன் சார் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்று அவர் சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும், பதிலுக்கு நானும் சத்தம் போட்டிருப்பேன். அவர் பேசாமல் போய்விட்டார். நான் அந்த அறையிலேயே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஃபெரட் என்று எழுதியிருந்தால் அது இந்நேரம் ஏதோ ஒரு கூண்டில் உயிரோடாவது இருந்திருக்கும். என் பிடிவாதத்துக்கு அது சாகப் போகிறதே என்று நினைத்தேன்.

சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். கூண்டின் ஒரு மூலையில் மட்டும் பேப்பர் தாறுமாறாகக் கிழிந்திருந்தது. தண்ணீர்க் கிண்ணம் தளும்பி ஈரமான மூலை அது. மற்ற இடமெல்லாம் விரித்தது விரித்தபடி. அந்த ஈரத்தில் மூக்கை வைத்துத் தேய்த்திருக்கிறது. மூக்கு நுனி சிராய்த்துச் சிவந்திருந்தது.

அந்த மூக்கைத்தான் நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். எங்கள் தொட்டியம் தோட்டத்தில் பன்றி புகுந்தால் வாழைத் தாரைத் தொடாது. தண்ணீர் பாய்ச்சிய மறுநாளாகப் பார்த்து வரும். ஈர மண்ணை மூக்காலேயே உழுது, வாழைக்கட்டையைச் சுற்றிப் பள்ளம் பறித்துவிட்டுப் போகும். அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். அது தேடி வருவது மண்ணுக்குள் இருக்கிற புழுவை. நாமக்காரருக்கும் அதே மூக்கு, போதாததற்கு அந்த நகம். நாங்கள் தட்டில் வைத்து நீட்டியதெல்லாம் இவர் கண்ணுக்குச் சாப்பாடே இல்லை.

டாக்டருக்குப் போன் போட்டேன். "மண்புழுவா? சரியாத்தான் இருக்கும் மேடம், உடனே முயற்சி பண்ணுங்க. மண்ணோட வைங்க. வெளிச்சம் வேண்டாம், ஆளும் வேண்டாம்," என்றார்.

அடுத்த போன் தொட்டியத்துக்கு, என் தம்பி முருகேசனுக்கு.

"தம்பி, மண்புழு வேணும். ஒரு பக்கெட் நெறைய. மண்ணோட."

"எதுக்குக்கா? அத்தான் மீன் பிடிக்கப் போறாரா?"

"ஆபீசுக்குடா."

"கவர்மென்ட் ஆபீஸுல மண்புழு என்னக்கா பண்ணும்?"

"நீ கொண்டாடா, அப்புறம் சொல்றேன். மருந்தடிச்ச பாத்தில எடுக்காத. நம்ம பூவன் வாழைக் கொல்லையில எடு."

அவன் பஸ்ஸில் வந்து ஆட்டோ பிடித்து விமான நிலைய வாசலில் இறங்கினான். "கண்டக்டர் பக்கெட்டுக்கும் டிக்கெட் போட்டுட்டான்க்கா," என்பதுதான் முதல் வார்த்தை. வாசலில் பாதுகாப்புப் படைக்காரர் பக்கெட்டை மூடியிருந்த வாழைச்சருகைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஓரடி பின்னால் போனார்.

"என்ன மேடம் இது?"

"மண்புழு சார். உள்ள ஒருத்தர் ரெண்டு நாளா பட்டினி."

விதி விதிதான். பக்கெட்டை ஸ்கேனரில் விட்டுத்தான் உள்ளே எடுத்தோம். ஜமால் திரையை உற்றுப் பார்த்தார். "ஒண்ணுக்கும் முதுகெலும்பு இல்ல மேடம், அனுப்பலாம்," என்றார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அகலமான ஒரு டப்பில் மண்ணையும் சருகையும் கொட்டிக் கூண்டுக்குள் வைத்தோம். ஜன்னலில் கறுப்புத் துணி கட்டினோம். நாமக்காரர் மூலையில் சுருண்டே கிடந்தார், தலையைத் தூக்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பினேன். வீட்டில் இவர் தோசை வார்த்து வைத்திருந்தார். பாதியில் எழுந்துவிட்டேன். எனக்குக் கோபமா கவலையா என்று தட்டில் மிஞ்சியதைப் பார்த்தே அவர் கண்டுபிடித்துவிடுவார்.

5. கதவைத் திறந்ததும்

காலையில் காரிடாரில் நடக்கும்போதே ஜமால் எதிரே வந்தார். மூக்கைப் பிடித்திருந்தார். கண்ணில் நீர். நாற்றத்தாலா சந்தோஷத்தாலா தெரியாது, நானும் கேட்கவில்லை.

கதவைத் திறந்தேன். அடித்தது பாருங்கள் ஒரு நாற்றம்! அழுகிய வெங்காயம், எரிந்த டயர், எல்லாம் திரும்பி வந்திருந்தன. அறை முழுக்க மண். சுவரில் மண், என் ஸ்டூலில் மண். டப்பில் ஒரு புழு மிச்சமில்லை. நடுவில் ஆழமாக ஒரு குழி தோண்டி, அதற்குள் சருகைப் போர்த்திக்கொண்டு நாமக்காரர் படுத்திருந்தார். நான் குனிந்ததும் தலையைத் தூக்கிப் பல்லைக் காட்டினார். இன்னொரு தடவை நாறடித்தார். நான் நகரவே இல்லை. நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு நின்றேன்.

மதிவாணன் சார் வேகமாக வந்தார். கைக்குட்டைக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது, அது சிரித்தது.

"பேரு என்னவா வேணா இருக்கட்டும் மேடம். ஆளு இருக்காரு."

அதற்குப் பிறகு தொட்டியம் பக்கெட் தவறாமல் வந்தது. கண்டக்டரும் முருகேசனுக்குப் பழகிவிட்டார். டிக்கெட் கேட்பதை விட்டுவிட்டு, "இன்னைக்கு எப்படி இருக்காரு?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாராம்.

பிறகுதான் அந்தப் போன் வந்தது. நாங்கள் அனுப்பிய படங்கள் கை மாறிக் கை மாறி, தென்கிழக்கு ஆசியக் காட்டு விலங்குகளை ஆராய்ச்சி செய்யும் ஒருவரிடம் போய்ச் சேர்ந்திருக்கின்றன. தமிழர்தான். குரல் படபடத்தது.

"மேடம், அத உயிரோடயா வச்சிருக்கீங்க?"

"உயிரோடதான் சார். நல்லா சாப்பிடுறாரு."

"எனக்கு ஒண்ணு மட்டும் சரியாத் தெரியணும். படத்துல பின்பக்கம் தெளிவா இல்ல. அந்த வெள்ளைக் கோடு முதுகு வரைக்கும் போகுதா, தோளோட நின்னுடுதா?"

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்தக் கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பஞ்சால் துடைத்துக்கொண்டே போனவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான்.

"தோளோட நின்னுடுது சார். மெலிசா ஆரம்பிச்சு, மெலிசாவே முடியுது. சாயமும் இல்ல. நான் உறுதியாச் சொல்லுவேன்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. பிறகு சொன்னார். "இது வியட்நாம் காட்டுல இருக்குற குட்டி வளைக்கரடி மேடம். இப்படித் தனியா ஒரு இனம் இருக்குன்னு உலகத்துக்குத் தெரிஞ்சதே கொஞ்ச வருஷத்துக்கு முன்னாடிதான். நான் இத்தனை வருஷமா இந்தத் துறையில இருக்கேன், இதைப் போட்டோலதான் பாத்திருக்கேன். நீங்க குடுத்து வச்சவங்க."

கூண்டில் உதிர்ந்திருந்த முடியை அனுப்பச் சொன்னார். சோதித்துப் பார்த்து அதுதான் என்று உறுதி செய்தார்கள். போனை வைத்த பிறகு நான் ஜமாலைப் பார்த்தேன், ஜமால் என்னைப் பார்த்தார். பில்லில் இருந்த பெயரை அப்படியே எழுதி அனுப்பியிருந்தால் இது யார் என்றே யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு அன்றைக்கு வந்த பெருமையை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் காவிரிப் பாலத்தில் வண்டி நின்றபோது, ஜன்னலுக்கு வெளியே போகிற அத்தனை பேரிடமும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

6. வழியனுப்பு

புதுப் பெயரோடு காகிதங்கள் தயாராகின. பாங்காக்கில் அந்த நாட்டு வனவிலங்கு அதிகாரிகளே வந்து வாங்கி, அங்கிருந்து வியட்நாம் மீட்பு மையத்துக்கு அனுப்புவதாக எழுத்தில் உறுதி வந்தது. மரப்பெட்டி ஒன்று செய்து, உள்ளே தொட்டியத்து மண்ணும் சருகும் நிரப்பினோம். முருகேசன் தன் கையாலேயே நிரப்பினான்.

பெட்டி விமானத்தில் ஏறுவதைப் பார்க்காமல் நான் நகரப் போவதில்லை என்று விமானத்துக்குப் பக்கத்திலேயே போய் நின்றேன். லோடர் தம்பி பெட்டியைத் தூக்கியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"மேடம், பொட்டி பயங்கரமா நாறுது."

"நாறட்டும்ப்பா. நாத்தம் நின்னாத்தான் எனக்குப் போன் பண்ணணும். அங்க இறக்குறவங்ககிட்டயும் இதையே சொல்லச் சொல்லு."

விமானம் தரையை விட்டு எழும்பியபோது மதிவாணன் சார் என் பக்கத்தில் நின்றார். "நீங்க எழுதினதுல நான் ஒரு எழுத்துகூட மாத்தல மேடம்," என்றார். அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். எனக்கு அது போதும்.

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வதெல்லாம் இதுதான். தெரியாததற்குத் தெரிந்த ஒரு பெயரை வைத்து ஃபைலை மூடாதீர்கள். தெரியாது என்று எழுதுவதற்குத் துணிச்சல் வேண்டும், அது என்னிடம் இருந்தது. ஆனால் எழுதியதோடு வேலை முடிந்தது என்று நினைத்திருந்தால் அந்த ஜீவன் எங்கள் சாமான் அறையிலேயே செத்திருக்கும். கையெழுத்துப் போட்டவள்தான் அதற்குச் சோறும் தேட வேண்டும்.

ஒரு மழைக்காலம் கழித்து, வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்த மதிவாணன் சாரிடமிருந்து என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. மீட்பு மையத்துக்காரர்கள் எழுதியதைத் தமிழில் போட்டு அனுப்பியிருந்தார். காட்டின் ஓரத்தில் பெட்டியின் கதவைத் திறந்தார்களாம். மெதுவாக வெளியே வந்ததாம். மண்ணை மோந்து பார்த்ததாம். பிறகு திரும்பி நின்று, வழியனுப்ப வந்தவர்கள் அத்தனை பேரும் ஓடும்படி நாறடித்துவிட்டுப் புதருக்குள் போய்விட்டதாம்.

ஆபீஸில் அத்தனை பேருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். தொட்டியத்துக்குப் போன் போட்டு முருகேசனுக்குச் சொன்னேன், பஸ் கண்டக்டருக்கும் சொல்லச் சொன்னேன். சாயங்காலம் வீட்டுப் படி ஏறும்போது என் முகத்தைப் பார்த்தே இவர் கேட்டுவிட்டார்.

"என்ன, நாமக்காரர் ஊர் போய்ச் சேந்துட்டாரா?"

"சேந்துட்டாருங்க. போன எடத்துலயும் எல்லாரையும் ஓட விட்டுட்டாராம்."